என் வீட்டில் இந்தி பேசிய இருவர்

எதிர் வீட்டில் குடியிருந்த விமானப்படைக்காரர் மாற்றலாகிப் போனபோது பீரோ, கட்டில், தையல் மெஷின், குழந்தையின் உடைந்த மூன்று சக்கர சைக்கிள் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினார். நாயை மட்டும் ஏற்றவில்லை.

"ரெண்டு நாள் டிரெயின் சார். இதுக்கு வயசு ஆச்சு. தாங்காது" என்று தனக்குத் தெரிந்த தமிழில் என்னிடம் சொன்னார். அவர் மனைவி கேட்டுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தாள். நாயைப் பால்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் அது திரும்பி வந்துவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து பால் ஊற்றியது போல இருக்கும். கேம்ப் ரோட்டைத் தாண்டி, மாட்டுக்கொட்டகையிலிருந்து எங்கள் தெருவுக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. பூட்டிய கேட்டின் முன்னால் படுத்துக்கொண்டது.

எண்பதுகளின் கடைசி அது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் பாதி மனைகள் காலியாகத்தான் கிடந்தன. மழை பெய்தால் தவளைச் சத்தம், பெய்யாவிட்டால் புழுதி. முகாமுக்குள் குவார்ட்டர்ஸ் கிடைக்காத விமானப்படைக் குடும்பங்கள் எங்கள் பக்கம் வாடகைக்கு வருவார்கள். இரண்டு மூன்று வருஷம் இருப்பார்கள், போய்விடுவார்கள். நான் யாரோடும் அதிகம் ஒட்டியதில்லை.

எனக்கு ஒரே பெண். அப்போது எட்டாம் வகுப்பு. தினமும் சாயங்காலம் நான் வருகிற பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் வந்து நிற்பாள். என் சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொள்வாள். அங்கிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை. அன்று பள்ளியில் யார் அடி வாங்கினாள், எந்த டீச்சர் புதுப்புடவை கட்டி வந்தாள், யார் யாரோடு பேசுவதில்லை என்று அந்தப் பத்து நிமிடத்தில் கொட்டித் தீர்த்துவிடுவாள். நான் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டுவேன். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் எழும்பூரில் ஓடிப்போய் முந்தின ரயிலைப் பிடிப்பேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

ஒரு நாள் நிறுத்தத்தில் அவள் இல்லை. நான் பயந்த சுபாவக்காரன். லாரி, மூடாத கிணறு, பாம்பு என்று வரிசையாக நினைத்துக்கொண்டு ஓடினேன். எதிர் வீட்டு கேட்டருகே குந்தி உட்கார்ந்து, அலுமினியத் தட்டில் பால்சோறு பிசைந்து நாய்க்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. அதன் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். தமிழ் இல்லை.

அந்த நாய்க்குத் தமிழ் தெரியாது. பிறந்ததிலிருந்து வடநாட்டு வீட்டில் வளர்ந்தது. "வா" என்றால் படுத்தே கிடக்கும். "ஆவோ" என்றால் காது நிமிரும். என் மகள் இரண்டு வருஷமாக இந்தி டியூஷன் போய்க்கொண்டிருந்தாள். நாளைக்கு வடக்கே வேலை கிடைத்தால் உதவும் என்று அனுப்பியது என் மனைவி. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். மாணவர் போராட்டக் காலத்தில் தாம்பரம் ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசியவர்களில் நானும் ஒருவன். தார் சிந்திய சட்டையைப் பல வருஷம் பெட்டியில் வைத்திருந்தேன். அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில், என் பெண் ஒரு கிழட்டு நாயோடு இந்தியில் ரகசியம் பேசினாள்.

"வேண்டாம்மா. கடிச்சா தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்க" என்றேன்.

"இதுக்குப் பல்லே நாலுதான்பா இருக்கு."

"ஒரு பல் போதும்."

"கண்ணு தெரியலப்பா இதுக்கு. குரல் கேட்டாத்தான் யாருன்னே தெரியும். விட்டுட்டுப் போனவங்க குரலுக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

மனைவி வாசலுக்கு வந்தாள். நாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சமையல்கட்டுப் பக்கம் வரக்கூடாது. பூஜை அலமாரி பக்கம் வரக்கூடாது" என்றாள். அவ்வளவுதான். முடிந்துவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

ஊசி போட வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். சைக்கிள் ரிக்‌ஷாவில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார். "பன்னண்டு பதிமூணு வயசு இருக்கும் சார். இன்னும் ஒரு வருஷம் இருந்தா ஜாஸ்தி" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். மகள் வெளியே நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு வருஷம்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பஸ் நிறுத்தத்துக்கு அவள் மறுபடி வர ஆரம்பித்தாள், ஆனால் நாயோடு. அது மெதுவாகத்தான் நடக்கும். அவள் அதன் கழுத்தில் கை வைத்து வழி காட்டிக்கொண்டு முன்னால் போவாள். பையை நானே தூக்கிக்கொண்டு பின்னால் வருவேன். கடலையில் பாதி அதற்குப் போகும், அதையும் அவள் மென்று கொடுப்பாள். பள்ளிக்கூடக் கதையெல்லாம் இப்போது நாய்க்குத்தான், அதுவும் இந்தியில். டியூஷனில் சொல்லிக்கொடுத்த நாலு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எப்படித்தான் அவ்வளவு பேசினாளோ! காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் மார்க் குறைந்த அன்று, கிணற்றடியில் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்று கேட்டேன். ஒன்றும் புரியவில்லை. உள்ளே வந்தவளிடம் "என்னம்மா சொன்னே அதுகிட்ட?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள்.

என்னிடம் அவள் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து அவள் புத்தக அலமாரியிலிருந்து பழைய இந்தி முதல் புத்தகத்தை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். காலை ரயிலில், விரித்த தினசரிக்குள் அதை வைத்துப் படித்தேன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டிப் படிப்பது லேசான காரியமில்லை. 'யஹ் கலம் ஹை', இது பேனா. 'வஹ் மேஜ் ஹை', அது மேஜை. ஒரு வாரம் ஆவதற்குள் மாட்டிக்கொண்டேன். எங்கள் பெட்டியில் தினமும் சீட்டாடும் கும்பல் ஒன்று உண்டு. குரோம்பேட்டையில் ஏறுகிறவர் பேப்பரைச் சட்டென்று இழுத்துவிட்டார்.

"டேய், இங்க பாருங்கடா! தார் டின்னு இந்தி படிக்குது!"

தார் டின் என்பது எனக்கு அவர்கள் வைத்த பெயர். பழைய வீரக்கதையை நானே சொல்லிச் சம்பாதித்துக்கொண்டது.

"என்ன சார், கட்சி மாறிட்டீங்களா?"

"டெல்லிக்கு மாத்திட்டாங்களா?"

"யாராவது சேட்டு வீட்டு அம்மாவா சார்? சொல்லுங்க, வீட்டுல சொல்ல மாட்டோம்."

நாய்க்காக என்று எப்படிச் சொல்வது? ஆபீஸில் பரீட்சை வைக்கிறார்கள் என்று பொய் சொன்னேன். அன்று சாயங்காலம் யாரும் பார்க்காதபோது கிணற்றடிக்குப் போய், படுத்திருந்த நாயிடம் "யஹ் கலம் ஹை" என்றேன். அது தலையைக்கூடத் தூக்கவில்லை.

பிறகு தீபாவளி வந்தது.

தீபாவளிக்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மஞ்சள் வைத்த புதுத்துணி உடுத்தி, தெருவிலேயே முதல் சரத்தை நானும் என் மகளும்தான் கொளுத்துவோம். அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஆரம்பித்தது. ஊதுவத்தியை அவள் பிடிப்பாள், அவள் கையை நான் பிடிப்பேன். அந்த வருஷமும் பெரிய சரமாகப் பார்த்து வாங்கி வந்து மொட்டை மாடியில் காயவைத்திருந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் அவள் வந்து நின்றாள். "அப்பா, இந்த வருஷம் நாம வெடிக்க வேணாம்பா. மத்த வீட்டுச் சத்தத்துக்கே அது நடுங்குது. குளியலறையில வெச்சு நான் கூடவே உக்காந்துக்கறேன். நம்ம வாசல்ல மட்டும் வேணாம்."

"ஒரு சரம்தானேம்மா."

"ப்ளீஸ்ப்பா."

சரி என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை. அவள் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் இன்னும் சரியாக விடியவில்லை. குளித்துவிட்டு வாசலில் தனியாக நின்றேன். அங்கங்கே வெடிச்சத்தம் ஆரம்பித்திருந்தது. அடுத்த வீட்டுக்காரர் தன் பையனோடு வெளியே வந்தார். "என்ன சார், நீங்கதான எப்பவும் முதல்ல? பொண்ணு எங்க?" என்றார். உள்ளே போய்ச் சரத்தை எடுத்து வந்து கேட்டில் மாட்டினேன். கேட் பாதி திறந்திருந்தது.

அப்போது நாய் வந்தது. அது படுக்கிற சாக்கை மகள் மாடியில் காயப்போட்டிருந்தாள், அதை எடுக்கப் படியேறிப் போயிருந்தாள். குளியலறையிலிருந்து அவளைத் தேடி, சுவரை உரசிக்கொண்டே, முகர்ந்து முகர்ந்து பக்கவாட்டுச் சந்து வழியாக முன்பக்கம் வந்துவிட்டது. எனக்கு ஐந்தாறு அடி தள்ளி நின்று மூக்கைத் தூக்கியது.

நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று வெகுநாள் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பார்த்தேன். ஒரு தடவை கேட்கட்டும், அப்புறம் முன்பக்கமே வராது, கிணற்றடியோடு இருக்கும் என்று தோன்றியது. அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. ஊதுவத்தியைத் திரியில் வைத்தேன்.

சரம் வெடித்து முடிந்து புகை விலகியபோது நாய் இல்லை. என்னைத் தாண்டித்தான் கேட் வழியாக ஓடியிருக்க வேண்டும். அந்தக் கிழடு அப்படி ஓடும் என்று நான் நினைக்கவில்லை.

மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். "என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? அவ அவ்வளவு சொன்னாளே!"

மகள் சாக்கைக் கையில் பிடித்தபடி படியிறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. அம்மாவிடம் சொன்னாள்: "அப்பா பாத்திருக்க மாட்டாரும்மா. வேணும்னு செய்யல."

நான் தலையாட்டினேன். அவள் நீட்டிய அந்த வாக்கியத்துக்குள் நுழைந்து ஒளிந்துகொண்டேன்.

அவர்கள் இருவரும் கேம்ப் ரோடு பக்கம் போனார்கள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சேலையூர் ஏரிப் பக்கம் போனேன். தெருவுக்குத் தெரு புகை, கந்தகநாற்றம். சிவப்புக் காகிதம் செருப்பில் ஒட்டியது. லேசாகத் தூறல் வேறு. பால்காரர் எதிரே வந்தார். "நம்ம கொட்டாய்க்கு வரல சார். நல்ல நாளும் அதுவுமா இன்னா பேஜாரு இது" என்றவர், தானும் தேடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் என்ன சொல்லி அதைக் கூப்பிடுவது? அதற்கு ஒரு பெயர் இருந்தது. என் வாயால் அதை ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு அது எப்போதும் 'ஏய்'தான்.

ஏரிக்கரைக்குச் சற்று முன்னால் சாக்கடை வேலைக்காகப் பெரிய சிமென்ட் குழாய்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். கடைசிக் குழாயின் உள்ளே, நடுவில், அது சுருண்டு கிடந்தது. உடம்பு முழுவதும் உதறிக்கொண்டிருந்தது. குனிந்து கையை நீட்டினேன். உறுமியது. அது உறுமி நான் கேட்டதே இல்லை. "வாடா" என்றேன், "வாம்மா" என்றேன். இன்னும் பின்னால் நகர்ந்தது. மறுபக்கம் போனால் இந்தப் பக்கமாக ஓடிவிடும். புதுவேட்டியோடு சேற்றில் உட்கார்ந்தேன். "ஆவோ" என்றேன். வரவில்லை. ஆனால் உறுமல் நின்றது. உறுமாமல் இருக்கட்டும் என்று, எனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் சொன்னேன். இது பேனா. அது மேஜை. இது என் வீடு. ராமன் பள்ளிக்கூடம் போகிறான். மாம்பழம் இனிப்பாக இருக்கிறது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். "இன்னா சார், பைப்புக்குப் பாடம் எடுத்துகினு கீறே?"

"உள்ள நாய் இருக்கு."

குனிந்து பார்த்தார். "அட, கெயவன். பயந்துகினு கீது பாரு." பிறகு என்னைப் பார்த்தார். "அதுக்கு இன்னாத்துக்கு சார் இந்தி?"

"அதுக்குத் தமிழ் தெரியாது."

அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார். "சர்தான். நீ சொல்லு, நான் அந்தாண்ட அடைச்சுகினு நிக்கறேன்" என்று மறுமுனையில் போய் நின்றுகொண்டார். நான் மாம்பழத்திலிருந்து தொடர்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. குரல் கட்டிப்போயிற்று. நாய் தலையை முன்னங்கால் மேல் வைத்துக்கொண்டு என் பக்கம் காதைத் திருப்பியது. ஓர் அடி நகர்ந்தது, இன்னோர் அடி. இன்னும் ஒரு முழம் வந்தால் என் கைக்குள்.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து என் மகள் அதன் பெயரைச் சொன்னாள். பால்காரர் என்னைக் குழாயருகே பார்த்துவிட்டு அவர்களுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். நாய் எழுந்து, நீட்டியிருந்த என் கையைத் தாண்டி, முழங்காலை உரசிக்கொண்டு அவளிடம் போய்விட்டது.

தேடி அலைந்தபோதெல்லாம் கிடைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அது அவளிடம் போன நொடியில், ஒரு முழம் இருந்ததே, ஒரு நிமிஷம் கழித்து வந்திருக்கக் கூடாதா இவள் என்றுதான் நினைத்தேன். சேற்றில் உட்கார்ந்துகொண்டு அதைத்தான் நினைத்தேன்.

திரும்பி நடந்தோம். அவள் நாயின் கழுத்தில் கை வைத்தபடி முன்னால், நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால். வழியெல்லாம் அதனிடம் பேசிக்கொண்டே வந்தாள். நடுவில் 'பிதாஜி' என்ற சொல் வந்தது. மூன்றாம் பாடத்தில் படித்தது, அப்பா என்று அர்த்தம். என்னைப் பற்றி ஏதோ சொல்கிறாள். அதற்கு முன்னும் பின்னும் வந்த எதுவும் எனக்குப் பிடிபடவில்லை.

பொங்கல் கழித்து அந்த நாய் தூக்கத்திலேயே செத்துப்போனது. முருங்கைமரத்தடியில் குழி வெட்டினேன். மண்ணை மூடியதும் மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தமிழில் அழுதாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் தலை என் தோளில் இருந்த அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுநாளிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குத் தனியாக வந்தாள்.

நான்கு மாதம்தான். அந்தத் தெருவில் ஒரு பெண் கிழட்டு நாய்களை எடுத்துக்கொள்கிறாள் என்று முகாமுக்குள் பேச்சு பரவியிருந்தது. மாற்றலாகிப் போகிற ஒரு குடும்பம் கேட்டில் வந்து நின்றது. மடியில் முடி உதிர்ந்த பொமரேனியன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கையை நீட்டிவிட்டாள். அதற்குப் பின் இன்னொன்று. மூன்றும் கிழம், மூன்றும் இந்தி. ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பேன், அந்தத் தீபாவளி நினைவுக்கு வரும், பேசாமல் இருந்துவிடுவேன். நான் ஏன் பேசாமல் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். சரம் வாங்குவதை அந்த வருஷத்தோடு விட்டுவிட்டேன்.

என் மனைவி சொன்னது பலித்துவிட்டது. படித்து முடித்த மகளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. போன ஆனியில் போனாள். ஞாயிறு காலையில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவாள். முதல் கேள்வி, "அது சாப்டுச்சா?" மூன்றாவது நாய் இப்போது எங்களோடு இருக்கிறது. கறுப்பு, பல் ஒன்றுகூட இல்லை. சோற்றை நான்தான் குழைத்து வைக்கிறேன். இரண்டாவது கேள்வி அம்மாவின் முட்டிவலி. நான் மூன்றாவது.

போன ஞாயிறும் அப்படித்தான் ஆரம்பித்தது. "தீபாவளி வருதுப்பா. அதைத் தனியா விடாதீங்க. கூடவே உக்காந்துக்கோங்க" என்றாள். மனைவி கடைக்குப் போயிருந்தாள். என்னமோ அன்று வாய் வந்தது.

"ஏம்மா, அந்த வருஷம் சரம் வெடிச்சேனே..."

"ம்."

"நான் அதைப் பாக்காம இல்ல."

அந்தப் பக்கம் பஸ் சத்தம் கேட்டது.

"தெரியும்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க அதைப் பாத்துட்டுத்தான் ஊதுவத்தி வெச்சீங்க. நான் மாடியில கைப்பிடிச்சுவர்கிட்ட நின்னுட்டிருந்தேன். கத்த வாய் வரல."

ரிசீவரை மாற்றிப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. சாக்கோடு படியிறங்கி வருவதற்குள் அந்த வாக்கியத்தைத் தயார் செய்திருக்கிறாள்.

"அப்புறம் ஏன் அம்மாகிட்ட அப்படிச் சொன்னே?"

"விடுங்கப்பா. இங்க கியூ நிக்குது" என்றாள். "போனை அதுகிட்டக் குடுங்க."

"எதுகிட்ட?"

"அதுகிட்டத்தான். காதுல வைங்க."

நாய் நாற்காலிக்கு அடியில்தான் படுத்திருந்தது. தரையில் உட்கார்ந்து அதன் காதில் ரிசீவரை வைத்தேன். உள்ளே அவள் குரல் எறும்பு ஊர்வதுபோல் கேட்டது. நாயின் வால் தரையைத் தட்டியது, ஒரு தடவை, பிறகு விடாமல். இப்போது எனக்கு இந்தி ஓரளவு புரியும். நானும் தலையைச் சாய்த்து என் காதை ரிசீவரின் பின்பக்கத்தில் ஒட்டிவைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. நாய் மூச்சுவிடும் சத்தம்தான் கேட்டது.